இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒளிப்படக்கலை இறுதியாண்டு மாணவி. இந்தப் பருவத்து ப்ராஜெக்டுக்கு, சமூகம் பேசத் தயங்குகிற, கவனிக்கத் தவறுகிற விஷயங்களைப் படமெடுக்கலாம் என்று முடிவு செய்து ஒரு பட்டியல் போட்டேன். மாதவிடாய், கருக்கலைப்பு, மனநோய், தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்கள், பாலியல் தொழில், இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்பவர்கள், கடைசியாக, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கடைசியானது எங்கள் வீட்டு விஷயம். பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது. அத்தைதான் எல்லாம் செய்கிறார். ஆனால் அது ரொம்பச் சாதாரணமாகத் தோன்றுகிறது. "படம் பார்க்கிறவனை உலுக்க வேண்டும்" என்கிறார் எங்கள் ஆசிரியர். இதில் எதை எடுப்பது? முதலில், இதையெல்லாம் படமெடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நான் புகைப்படக்காரன் அல்ல. ஆனால் புகைப்படக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன், இந்த வகைப் படங்களைப் பார்ப்பதிலும் அவற்றைப் பற்றி வாசிப்பதிலும் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். அந்த அளவில் என் கருத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலில் இரண்டு வேறு வகை விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மாதவிடாய், கருக்கலைப்பு, தற்கொலை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, யாரும் வாய்விட்டுச் சொல்லாதவை. இரவில் அலுவலகம் கூட்டுகிறவரைப் பற்றியோ உங்கள் அத்தையைப் பற்றியோ பேச யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. பேசும் அளவுக்கு யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். முதல் வகையில் பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டும் இருப்பார். இரண்டாவது வகையில் அவர் முகத்தைத் திருப்பக்கூடத் தேவையில்லை, கண்ணெதிரே இருந்தும் அவருக்கு ஒன்றும் படுவதில்லை. ஆகவே கேமரா செய்ய வேண்டிய வேலையும் இரண்டிலும் வேறு. முதல் வகையைக் குறைவாகக் காட்ட வேண்டும். இரண்டாவது வகையை நெடுநேரம் காட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் நல்ல எண்ணத்தோடு எடுத்த படமும் வீணாகிவிடும்.

குறைவாகக் காட்டுவதற்கு உங்களைப் போன்ற ஒரு மாணவியின் படமே உதாரணம். 2015இல் கனடாவில் படித்துக்கொண்டிருந்த ரூபி கவுர், வகுப்பு ப்ராஜெக்டுக்காகத் தன் தங்கையோடு சேர்ந்து மாதவிடாய் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். அதில் ஒரு படத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு பெண் படுத்திருக்கிறாள். உடையிலும் விரிப்பிலும் ஒரு கறை. வேறு ஒன்றுமில்லை. இன்ஸ்டாகிராம் அதை நீக்கியது. மறுபடி போட்டார், மறுபடி நீக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தது. முழு உடையில், முதுகு காட்டிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படம் ஏன் இத்தனை பேரைத் தொந்தரவு செய்தது? தினமும் எத்தனையோ வீடுகளில் துவைத்து உலர்த்தப்படுகிற ஒன்றை, துவைப்பதற்கு முன்னால் காட்டியதால். அதற்கு மேல் ஒரு பிடி காட்டியிருந்தால்கூடப் பேச்சு படத்தின் துணிச்சலைப் பற்றியதாகப் போயிருக்கும். மாதவிடாய் மறுபடி பேசப்படாமலே போயிருக்கும்.

ஸ்பெயினைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லையா அப்ரில் கருக்கலைப்பு பற்றிச் செய்த வேலை 2018இல் புத்தகமாக வந்தது. பழைய மருத்துவக் கருவிகள், சட்டம் மறுத்ததால் பெண்கள் வேறு வழி தேடியபோது கையில் எடுத்த பொருட்கள், ஆவணங்கள், அந்தப் பெண்களே சொன்ன அனுபவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ரத்தத்தை முன்னால் நிறுத்தாமலே, ஒரு சாதாரணப் பொருளையும் அதன் கீழே உள்ள சில வரிகளையும் வைத்து நம்மை நிற்க வைக்கிறார். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் படமெடுக்க வேண்டி வந்தால் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்: பொருளை எடுங்கள், இடத்தை எடுங்கள், சொல்லைப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் ஆசிரியர் சொன்ன "உலுக்குவது" பற்றி எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து இருக்கிறது. 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிக்கோலஸ் நிக்சன் எடுத்த எய்ட்ஸ் நோயாளிகளின் படங்கள் வைக்கப்பட்டன. திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் அல்ல, அவர்கள் சம்மதித்து உட்கார்ந்தவை. உடல் வற்றி மரணத்தை நெருங்குவதைப் படம் படமாகக் காட்டின. பார்த்தவர்கள் உலுக்கப்பட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே நோயோடு வாழ்ந்தவர்களும் அவர்களுக்காகப் போராடியவர்களும் அருங்காட்சியகத்துக்கு வந்து துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். எங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பது அதன் சாரம். நாங்கள் கோபப்படுகிறோம், காதலிக்கிறோம், போராடுகிறோம், அந்தப் படங்கள் எங்கே என்று கேட்டார்கள். உலுக்கப்பட்டவர் பரிதாபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். படத்தில் இருப்பவர் அந்தப் பரிதாபத்தோடு நாளையும் வாழ வேண்டும். இந்தக் கணக்கைப் படம் எடுக்கிறவர் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அதனால்தான் உங்கள் பட்டியலில் சிலவற்றை இப்போதைக்கு விடச் சொல்கிறேன். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தோடு ஒரு பருவத்தில் செய்து முடிக்கிற வேலை எதுவும் கிடையாது. இறந்த விதத்தையும் இடத்தையும் காட்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பே ஊடகங்களுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது, படத்துக்கும் அது பொருந்தும். பாலியல் தொழில் செய்கிறவர்களை முகத்தை மறைத்து எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கையில் குத்திய பச்சை, ஜன்னலின் கம்பி, திரைச்சீலை, ஒரு வளையல் போதும், தெரிந்தவருக்கு ஆள் தெரிந்துவிடும். செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமே பதிவாகியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பழகி, அவர்களே கூப்பிட்டால் செய்யலாம்.

கடைசி வரியில் நீங்கள் சாதாரணம் என்று தள்ளி வைத்ததுதான் உங்கள் ப்ராஜெக்ட் என்பது என் கருத்து. உங்கள் வீடு என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டையே எடு என்று மாணவர்களுக்குச் சொல்வது சுலபம், பல நேரம் அது தவறான அறிவுரையும்கூட. நான் சொல்வதற்குக் காரணம், இது இரண்டு வகையிலும் சேர்கிறது. பாட்டியின் உடல் பேசக்கூடாதது. அத்தையின் உழைப்பு கண்ணில் படாதது. ஒன்றைக் குறைவாகக் காட்டி மற்றொன்றை நெடுநேரம் காட்ட வேண்டிய நெருக்கடி ஒரே அறையில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இதைவிட நல்ல பயிற்சி அமையாது.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று தாதியருக்குக் கற்றுக்கொடுப்பது நெடுநாள் வழக்கம். இல்லாவிட்டால் எலும்பு துருத்தும் இடங்களில், முதுகின் அடியில், இடுப்பில், குதிகாலில், பின்தலையில்கூட, அழுத்தத்தால் ரத்த ஓட்டம் நின்று புண் வைத்துவிடும். இதை எல்லாரும் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ஆனால் அது ஒரு ஆளின் இரவை என்ன செய்கிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. ஒவ்வொரு முறையும் எழுந்து, விளக்கைப் போட்டு, அடியில் மடித்துப் போட்ட விரிப்பைப் பிடித்து இழுத்து, உடலை ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்கு மேலே ஒன்று. நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். பிறகு தூக்கம் வருவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். உங்கள் அத்தை இதை எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களே கேட்டதில்லை என்றால் இன்று கேளுங்கள்.

படத்தொடரின் வடிவமே இதில் இருக்கிறது. ஒரே இடத்தில் கேமராவின் முக்காலியை (ட்ரைபாடை) வைத்து, ஒரே சட்டகத்தில், ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரு படம். நிற்கிற அத்தை சட்டகத்தில் முழுமையாக இருக்கட்டும். பாட்டியின் பக்கம் தலையணையின் விளிம்போடு நின்றுவிடட்டும். இப்படி ஒரு இரவை வரிசையாகச் சுவரில் மாட்டினால், மூன்றாவது படத்தில் பார்க்கிறவர் இதேதானே என்று நினைப்பார். கடைசிப் படத்தில் அத்தையின் தோள் எப்படி இறங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அலுப்பு தட்டட்டும், பயப்படாதீர்கள். அந்த அலுப்பில் ஒரு துளியைப் பார்வையாளர் அனுபவித்தால்தான் வேலை கண்ணில் படும்.

ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம். சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடுவீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்திலும் சில எல்இடி விளக்குகளிலும் அது படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக இருள் விழச் செய்யும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை 1880களின் கடைசியில் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், இருட்டறைகளில் அந்தக் காலத்து ஃப்ளாஷான மக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுத்தார். அந்தப் படங்களால் நல்லது நடந்தது உண்மைதான். ஆனால் திடுக்கிட்டு விழித்த அந்த முகங்கள் சம்மதம் கொடுத்த முகங்கள் அல்ல.

இனி உரிமை பற்றி. உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி அதுதான். அத்தை சம்மதிக்கலாம், பாட்டியால் முடியாது. நினைவு தப்பியவரின் சார்பில் குடும்பம் கையெழுத்துப் போடலாம். காகிதம் சரியாக இருக்கும், ஆனால் கேள்வி தீராது. பாட்டி நினைவோடு இருந்த காலத்தில், யாராவது அறைக்குள் வந்தால் முதலில் எதைச் சரிசெய்துகொள்வார்? தலைமுடியையா, உடையையா? அதை அறிந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர் அன்று மறைத்ததை இன்று நீங்கள் காட்டாதீர்கள். கேமராவைப் பார்த்து அவர் முகம் சுளித்தால், கையைத் தட்டிவிட்டால், அதையும் "வேண்டாம்" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு போனாலும் விருப்பமும் வெறுப்பும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை.

அத்தையின் சம்மதத்தையும் ஒருமுறை வாங்கியதோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம். இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காகத் திருநங்கை மோனா அகமதைப் படமெடுத்தார். படங்கள் லண்டனில் வரப்போகின்றன என்று தெரிந்ததும், அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள் என்று மோனா படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். சிங் கொடுத்துவிட்டார். அங்கே தொடங்கிய நட்பு நெடுங்காலம் நீடித்தது. 2001இல் வந்த புத்தகத்தில் மோனாவின் வார்த்தைகளும் இருந்தன. அன்று சுருளைக் கொடுக்காமல் இருந்திருந்தால் பத்திரிகையில் சில படங்கள் வந்திருக்கும், அந்தப் புத்தகம் வந்திருக்காது.

பல ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்பதும் உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்டுப் பிறந்த சிறுமியைத் தாய் குளிப்பாட்டும் படத்தை 1971இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் எடுத்தார். அந்த நஞ்சின் கொடுமையை உலகத்துக்குச் சொன்ன படம் அது. அந்தப் பெண் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், மகள் இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஸ்மித்தின் மனைவியாக அங்கே அவரோடு வேலை செய்த ஐலீன் ஸ்மித் 1998இல் அதை ஏற்று, படத்தைப் புதிதாக வெளியிட அனுமதிப்பதை நிறுத்தினார். அது தேவையில்லை, படம் மனிதகுலத்துக்குச் சொந்தம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். நான் பெற்றோர் பக்கம்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். முதல் வாரம் கேமராவை எடுக்காமல் இரவு வேலையில் பாதியை நீங்கள் செய்யுங்கள். எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று உங்கள் முதுகு சொல்லிக்கொடுக்கும். பிறகு எடுத்ததைச் சிறிய பிரிண்டுகளாகப் போட்டு அத்தையிடம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்பதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். மீதியில் அவர் கைப்படவே எழுதச் சொல்லுங்கள். ஜிம் கோல்ட்பர்க் 1985இல் வெளியிட்ட புத்தகத்தில் பணக்காரர்களும் ஏழைகளும் தங்கள் படத்தின் கீழேயே தங்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். படம் சொல்வதும் எழுத்து சொல்வதும் பல இடங்களில் ஒத்துப்போகாது, அந்த வேலையின் பலமே அதுதான். உங்கள் அத்தையும் நீங்கள் எதிர்பார்க்காததை எழுதலாம். தியாகம், அன்பு என்று நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் கோபத்தை எழுதலாம். தூக்கம் வேண்டும் என்று மட்டும் எழுதலாம். அதைத் திருத்தாமல் மாட்டுங்கள்.

உலுக்கவில்லையே என்று ஆசிரியர் கேட்டால் அந்த வரிசையை அவரை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பட்டியலில் அதற்கு முந்தைய வரிக்குப் போங்கள். இரவில் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறவர்களிடமும் இதே முறையில்தான் தொடங்க வேண்டும், முதல் வாரம் துடைப்பத்தோடு.

அன்புடன்.