திருட்டுப்போன லேப்டாப்: தடயம் எங்கே கிடைக்கும்?

சேலத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்தபோது மகளின் லேப்டாப் பையோடு போய்விட்டது. விண்டோஸ் 11. போனைப் போல ஐ.எம்.இ.ஐ. எண் வைத்துத் தேடலாமா? மேக் அட்ரஸ் போதும் என்கிறார் நண்பர்.
— வாசகர், சேலம்

சிம் போடும் வசதி இல்லாத லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ. (மொபைல் நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) கிடையாது. மேக் அட்ரஸ் என்பது லேப்டாப்பின் வைஃபை கருவிக்குரிய அடையாள எண், அது வைஃபை ரவுட்டரைத் தாண்டிப் போகாது. அதை வைத்து இணையத்தில் தேட முடியாது. நீங்கள் நம்ப வேண்டியது ஐ.பி. முகவரியையும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தயாரிப்பாளர் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தரும் சீரியல் எண்ணையும்தான்.

பாஸ்வேர்டை மாற்றும் அவசரத்தில் தடயத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் மகளின் ஜிமெயிலைத் திறந்து, இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். எந்த ஐ.பி.யிலிருந்து, எப்போது கணக்கு திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும். திருட்டுக்குப் பிந்திய, உங்களுடையதல்லாத வரி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நேரமும் அதில் தெரிய வேண்டும். இணைய நிறுவனங்கள் ஒரே ஐ.பி.யைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், நேரம் இல்லாமல் போலீசாரால் ஆளைப் பிரித்தெடுக்க முடியாது. ஐந்து நிமிட வேலை. முடித்த கையோடு எல்லாக் கணக்கிலிருந்தும் லாக்-அவுட் செய்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், வங்கிக் கணக்கு உட்பட.

அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பக்கம். 'ஃபைண்ட் மை டிவைஸ்' முன்பே இயக்கியிருந்தால், கடைசி இடம் மேப்பில் தெரியும். பெரும்பாலான லேப்டாப்பில் ஜி.பி.எஸ். இல்லை, அக்கம்பக்க வைஃபையை வைத்துக் கணிப்பதால் தெரு மாறிப் போகலாம். அங்கேயே லாக் செய்யலாம், ஆனால் 'ரிமூவ்' மட்டும் அழுத்தவே அழுத்தாதீர்கள். இருக்கும் ஒரே நூலும் அறுந்துவிடும். திருடியவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இதே கதிதான். அதனால்தான் முதல் நாள் இவ்வளவு முக்கியம்.

சீரியல் எண் லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டில் பதிந்திருப்பது. விண்டோஸை மாற்றினாலும் சாதாரணமாக அழியாது. பெட்டியில், பில்லில், அதே சாதனப் பக்கத்தில் இருக்கும். புகாரில் அது கட்டாயம் வேண்டும்.

ரயில்வே போலீசில் புகார் கொடுங்கள், உதவிக்கு 139. எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பினால், பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே) திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். மேப் காட்டும் வீட்டுக்கு நீங்களே போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் போலீசிடம் கொடுங்கள்.

மேக்புக்குக்கும் இதே வழிதானா?
— வாசகி, மதுரை

'ஃபைண்ட் மை' இயங்கியிருந்தால் நிலைமை மேல். ஆப்பிளின் எம்1 முதலான சிப் உள்ளவற்றை அழித்தாலும் உங்கள் ஆப்பிள் கணக்கு இல்லாமல் திறக்க முடியாது. உடனே 'லாஸ்ட்' என்று குறியுங்கள், கணக்கிலிருந்து நீக்காதீர்கள். சில நாளில் 'உங்கள் மேக்புக் கிடைத்தது' என்று லிங்க்கோடு எஸ்.எம்.எஸ். வரலாம். பூட்டைத் திறக்க உங்கள் பாஸ்வேர்டைப் பறிக்கும் வலை அது.