எண்ணூர்க் கழிமுகம் வளர்ச்சிக்குத் தடையா?

கேள்வி: அனல் மின் நிலையம், துறைமுகம் என்று எண்ணூர்ப் பக்கம் எது வந்தாலும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வழக்குத் தொடுக்கிறார்கள். சேறும் சகதியுமாகக் கிடக்கும் ஒரு கழிமுகத்துக்காகவும் சில மீனவக் குப்பங்களுக்காகவும் நகரத்தின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: அந்த வழக்குகளால் எது நின்றுவிட்டது? வடசென்னை அனல் மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் கப்பல்கள் வந்து போகின்றன. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் இரசாயன ஆலைகளும் இயங்குகின்றன. கண்ணெதிரே சுருங்கி வருவது காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீன்பிடித் தொழில் மட்டுமே.

ஆர்வலர்கள் கேட்பது புதிய சலுகை எதையும் அல்ல. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி தமிழக அரசு தயாரித்து, மத்திய அரசு 1996இல் ஏற்றுக்கொண்ட வரைபடம், எண்ணூர்க் கழிமுகத்தில் 6,469 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறித்திருக்கிறது. பிற்காலத்தில் அந்த நீர்ப்பரப்பைக் காட்டாத வேறொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தபோது, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஆவணங்களைப் பெற்று, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியவர்கள் இவர்கள்தாம். அரசு தானே வரைந்த வரைபடத்தை மதிக்கச் சொல்வதை வளர்ச்சிக்கு எதிரான செயல் என்று என்னால் கருத முடியவில்லை.

'சேறு' என்கிறீர்கள். அங்கே இருப்பது ஆறு கொண்டுவந்த சேறு மட்டும் அல்ல, சாம்பலும்தான். அனல் மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்து, செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் குழாய்களில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதால், இந்தக் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றின் அடிமட்டம் மேடேறியது. படகு போன இடங்களில் இப்போது ஆள் இறங்கி அதைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒழுகிய இடங்களைத் தேடிச் சென்று படமெடுத்துப் பதிவு செய்தவர்கள் மீனவர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டதற்குப் பின்னால் அவர்களுடைய நீண்ட உழைப்பு இருக்கிறது.

அந்த நீரில்தான் இருளர் பெண்கள் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் இரு கைகளாலும் தரையைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலையோ படகோ இல்லாதவர்களுக்கு ஆற்றின் தரைதான் முதலீடு. அதன் மேல் சாம்பல் படிந்தது போதாதென்று, தென் அமெரிக்காவைச் சேர்ந்த, இங்கே 'காக்கா ஆழி' என்று சொல்லப்படும் சிப்பியினம் இப்போது பாய் விரித்தாற்போல் பரவியிருக்கிறது. இறால் புதைந்து வாழும் மண்ணை அது மூடிவிடுகிறது. மஞ்சள் மட்டி என்னும் உள்ளூர்ச் சிப்பிக்கும் இடமில்லாமல் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக இதே நீரில் கலந்தபோது, மீனவர்களே படகில் சென்று அதைக் கையால் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் வாளிகளால்தான் அள்ள வேண்டியிருந்தது. இரண்டு விபத்துகளுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தும் கையால் அள்ளும் நிலை மாறவில்லை என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது.

இதில் குப்பங்களை மட்டும் பேசி உங்கள் ஊரை விட்டுவிட முடியாது. பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கப்படும் உபரிநீர் கொசஸ்தலை வழியாகவும், புழல் ஏரியின் உபரிநீர் சடையங்குப்பம் வழியாகவும் இந்தக் கழிமுகத்தை அடைந்துதான் கடலில் சேர வேண்டும். அங்கே சாம்பல் மேடும் மண் நிரப்பிய கட்டுமானங்களும் வழியை அடைத்தால் நீர் பின்வாங்கித் தாழ்வான தெருக்களுக்குள் புகும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வெள்ளத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். நிலத்தடி நீரின் கதையும் இப்படித்தான்: நகரத்துக்காக அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் கடல்நீர் ஏறி அரை நூற்றாண்டு ஆகிறது. மழைநீர் தங்கி இறங்கும் தாழ்நிலங்களைத் தூர்த்துவிட்டு அந்த நிலத்தடி நீரை மீட்டெடுக்க முடியாது.

இன்று வைக்கப்படும் கோரிக்கைகள் எளியவை. தீர்ப்பாயம் சொன்னபடி சாம்பலை முழுமையாக அகற்ற வேண்டும். அதற்கான கால அட்டவணையை மக்களுக்கு வெளியிட வேண்டும். 1996 வரைபடத்தின் எல்லைக்குள் புதிதாக மண் கொட்டக் கூடாது. காக்கா ஆழியை அகற்றும் பணியைத் தொடர்ந்து செய்ய வேண்டும். கழிவு வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் நீரைச் சோதித்து, முடிவுகளைக் குப்பத்து மக்களும் படிக்கும்படி தமிழில் அறிவிக்க வேண்டும். இவற்றில் எந்தக் கோரிக்கை யாருடைய வேலையைப் பறிக்கும் என்று கருதுகிறீர்களோ, அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதத்தை முழுமையாக வெளியிடுகிறேன்.