வீட்டுல சிங்கிள் மால்ட் டேஸ்டிங் வைக்கணும், எந்த பாட்டில் வாங்கறது?

கேள்வி: "எடின்பரோல இருக்கேன். 40வது பிறந்தநாளுக்கு வீட்டுலயே சின்னதா ஒரு விஸ்கி டேஸ்டிங் வைக்கலாம்னு ஐடியா. என்னோட சேத்து மொத்தம் 6 பேர், அதுல ரெண்டு பேர் விஸ்கியே தொட்டதில்ல. பட்ஜெட் 180 பவுண்ட். ஒரு ஃப்ரெண்ட் ஸ்காட்லாந்துல அஞ்சு ரீஜன் இருக்கு, ரீஜனுக்கு ஒண்ணா வாங்குன்னு சொல்றான். இன்னொருத்தன் நல்ல 18 வருஷ பாட்டில் ஒண்ண வாங்கிட்டு மிச்சத்த சீப்பா முடின்னு சொல்றான். எது சரி?"

ரெண்டுமே வேண்டாங்க. நாலு பாட்டில் போதும், ஆனா அந்த நாலையும் எப்படி அடுக்கறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஒரு பாட்டில்லேருந்து அடுத்ததுக்கு போகும்போது ஒரு பெரிய விஷயம் மட்டும் மாறணும், அப்பதான் புதுசா குடிக்கறவங்களுக்கும் "ஓ இந்த டேஸ்ட் இதனாலதான் வருதா"ன்னு நாக்குலயே புரியும். நாலு விஷயத்த ஒரே நேரத்துல மாத்தினீங்கன்னா "இது புடிச்சிருக்கு, அது புடிக்கல"ங்கறதோட நின்னுடும்.

முதல்ல ரீஜன் விஷயம். ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009 சட்டத்துல ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், கேம்பல்டவுன், ஐலான்னு அஞ்சு பேர் இருக்கறது உண்மைதான், ஆனா அது எந்த ஊர்ல வடிச்சதுன்னு சொல்லுமே தவிர எப்படி ருசிக்கும்னு கேரண்டி குடுக்காது. ஐலான்னாலே புகைன்னு எல்லாரும் சொல்வாங்க, அதே ஐலாவுல இருக்கற ப்ரூக்லாடி டிஸ்டில்லரியோட கிளாசிக் லாடிய திறந்து பாருங்க, புகையே இருக்காது. நான் கீழ சொல்லப்போற நாலுல மூணு பாட்டில் சட்டப்படி ஹைலேண்ட்தான், ஏன்னா ஐலாவ தவிர மத்த தீவுகள் எல்லாம் ஹைலேண்ட் கணக்குலதான் வருது. அந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

சிங்கிள் மால்ட்னா ஒரே டிஸ்டில்லரியில, முளைகட்டின பார்லியில மட்டும் வடிச்ச விஸ்கி. அதுல டேஸ்ட பெருசா தீர்மானிக்கறது ரெண்டு விஷயம்: எந்த பீப்பாய்ல ஊறுச்சு, பார்லிய பீட்ங்கற சதுப்பு நில மண்ண எரிச்ச புகையில காயவச்சாங்களா இல்லையா. ஸ்டில்ங்கற வடிக்கற பாத்திரத்தோட சைஸ், நொதிக்க விடற நேரம் இதெல்லாமும் உண்டு, ஆனா முதல் டேஸ்டிங்ல பீப்பாயும் புகையும் புடிபட்டாலே பெரிய விஷயம்.

முதல் பாட்டில் கிளென்மொரஞ்சி ஒரிஜினல். இது போர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி ஊறின பீப்பாய்ல வளர்ந்தது. போர்பனுக்கு ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் கருக்கின புது ஓக்தான் யூஸ் பண்ணணும்னு அவங்க ஊர் சட்டம், அதனால ஒரு தடவை யூஸ் பண்ணின பீப்பாய் எல்லாம் கூட்டம் கூட்டமா ஸ்காட்லாந்துக்கு வந்துடுது, வனிலா வாசனை வர்றது அந்த ஓக்லேருந்துதான். போதாததுக்கு கிளென்மொரஞ்சியோட ஸ்டில் ரொம்ப ஒசரம், 5 மீட்டருக்கு மேல, கனமான ஆவி மேல ஏற முடியாம திரும்ப கீழ விழுந்துடும், லேசானது மட்டும்தான் தாண்டி வரும். ஆரஞ்சு தோல், பீச் பழம், கொஞ்சம் தேன், அவ்வளவுதான். விஸ்கியே குடிக்காத அந்த ரெண்டு பேரும் இதுல பயப்பட மாட்டாங்க.

ரெண்டாவது கிளென்ட்ரோனாக் 12. இதுவும் புகை இல்லாததுதான், இதுவும் ஹைலேண்ட்தான், வயசும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா ஊறினது ஸ்பெயின்லேருந்து வர்ற ஷெர்ரிங்கற ஒயினோட பீப்பாய்ல, ஒலரோசோ, பெட்ரோ ஹிமெனெஸ்னு ரெண்டு வகை ஷெர்ரி. இங்கதான் நீங்க கொஞ்சம் நிறுத்தணும். ரெண்டு கிளாஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மாத்தி மாத்தி மோந்து பாக்க சொல்லுங்க, குடிக்க வேண்டாம், ஒரு நிமிஷம் மூக்கு மட்டும். முதல்ல கிளென்ட்ரோனாக்ல உலர்திராட்சையும் பேரீச்சையும் வரும், கொஞ்சம் பழகின பிறகு இலவங்கப்பட்டை, கருப்பு சாக்லேட். அப்படியே கிளென்மொரஞ்சிக்கு திரும்பினா அது முன்னவிட இன்னும் எலுமிச்சையா, இன்னும் லேசா தெரியும். பீப்பாய் என்ன பண்ணும்னு நீங்க வாய தொறந்து விளக்கவே வேண்டாம்.

மூணாவது டாலிஸ்கர் 10, ஸ்கை தீவுல கார்பாஸ்ட் கிராமத்துலேருந்து வருது, ஆல்கஹால் 45.8 சதவீதம். புகை இங்கதான் உள்ள வருது, ஆனா மிதமா. மொளகு காரம் ஒண்ணு தொண்டையில கடைசியா வந்து நிக்கும், கூடவே லேசா உப்பு. எனக்கு இந்த நாலுலயும் ரொம்ப புடிச்சது இதுதான், புகையும் இனிப்பும் இவ்வளவு சமமா சண்டை போடாம இருக்கற 10 வயசு விஸ்கி அதிகம் இல்லைங்க.

கடைசி லஃப்ரோய்க் 10, ஐலா. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கட்டு போடற ரூமுக்குள்ள நுழைஞ்ச மாதிரி டிஞ்சர் வாசனை அடிக்கும், அதுக்கு காரணம் பீட்தான். பீட்ங்கறது ஆயிரக்கணக்கான வருஷமா சதுப்பு நிலத்துல மட்கி கெடந்த பாசி, செடி எல்லாம். முளைகட்டின ஈர பார்லிய அத எரிச்ச புகையில காயவைப்பாங்க, அந்த புகையில இருக்கற ஃபீனால்ங்கற வாசனை பொருள் எல்லாம் பார்லியில ஒட்டிக்கும், வடிச்ச பிறகும் கூடவே வரும். கவனிக்க வேண்டிய விஷயம், பிரிட்டன்ல விக்கற லஃப்ரோய்க் 10 வெறும் 40 சதவீதம்தான், டாலிஸ்கரவிட கம்மி. ஆனா குடிக்கறவங்க கிட்ட எது ஸ்ட்ராங்னு கேட்டா எல்லாரும் லஃப்ரோய்க்னுதான் சொல்வாங்க. கேட்டு பாருங்க, நல்ல பேச்சு கெளம்பும். இதுவும் போர்பன் பீப்பாய்தான், அதனால முடிவுல கிளென்மொரஞ்சியோட சேத்து வச்சு மோந்தா புகை மட்டும் தனியா என்ன பண்ணுதுன்னு ஓரளவு புரிஞ்சுடும்.

வரிசைய மட்டும் மாத்திடாதீங்க. லஃப்ரோய்க் ஒரு தடவை உள்ள போயிடுச்சுன்னா அதுக்கப்புறம் லேசான விஸ்கி எதுவும் நாக்குல ஏறாது.

18 வருஷ பாட்டில் பத்தி. லேபிள்ல இருக்கற வயசு உள்ள இருக்கறதுலயே சின்ன விஸ்கியோட வயசு, அவ்வளவுதான். பீப்பாய்ல இருக்கும்போது வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாவே போயிடுது, கிடங்குல எடம், வட்டி எல்லாம் சேத்துதான் அந்த விலை. வயசு ஏறினா நல்லா ஆகலாம், மர ருசி ஜாஸ்தியாகி வறண்டும் போகலாம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, உங்க காசு வேஸ்ட். அதே மாதிரி நெறத்த பாத்தும் வாங்காதீங்க, ஸ்காட்ச்ல சாதா கேரமல் கலர் சேக்க சட்டமே அனுமதிக்குது, கருப்பா இருந்தா பழசுன்னு அர்த்தம் இல்ல.

அளவு ஒரு ஆளுக்கு ஒரு விஸ்கி 15 மில்லி. நாலுக்கும் சேத்து 60 மில்லி, கிட்டத்தட்ட ரெண்டரை யூனிட் (பிரிட்டன்ல ஒரு யூனிட்னா 10 மில்லி சுத்த ஆல்கஹால்), அதுக்கு மேல ஊத்தினா நாலாவதுல யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. 6 பேருக்கு ஒரு பாட்டில்ல 90 மில்லிதான் செலவாகும், 70 சென்டிலிட்டர் பாட்டில்ல முக்கால்வாசிக்கு மேல மிஞ்சும். அது வேண்டாம்னா சில பிராண்ட்ல 20, 35 சென்டிலிட்டர் சைஸும் வருது, தேடிப் பாருங்க. முழு பாட்டிலா வாங்கினாலும் நாலும் பெரும்பாலும் உங்க பட்ஜெட்டுக்குள்ள அடங்கிடும்.

கிளாஸுக்கு கிளென்கெய்ர்ன்ங்கற, வாய் குறுகின விஸ்கி கிளாஸ் இருந்தா நல்லது, இல்லன்னா வாய் குறுகின சின்ன ஒயின் கிளாஸ் போதும், அகலமான டம்ளர் வேண்டாம், வாசனை பரந்து போயிடும். ஊத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க. மோக்கும்போது வாய லேசா தொறந்து வச்சுக்கிட்டா ஆல்கஹால் நெடி மூக்குல குத்தாது. முதல் வாய் ரா-வா, அப்புறம் ஒரு சின்ன ஸ்பூன்ல சொட்டு சொட்டா தண்ணி. இது விஸ்கிய கெடுக்கறது இல்லைங்க. 2017ல ஸ்வீடன்ல லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் கம்ப்யூட்டர் சிமுலேஷன் பண்ணி, ஆல்கஹால் அளவு குறையும்போது குவையகால்ங்கற புகை வாசனை மூலக்கூறு திரவத்தோட மேல்மட்டத்துக்கு வருதுன்னு காட்டினாங்க. டாலிஸ்கர்ல நாலஞ்சு சொட்டு விட்டு பாருங்க, காரம் அடங்கி உள்ள இருந்த பழ இனிப்பு வெளிய வரும். ஐஸ் மட்டும் அன்னிக்கு வேண்டாம், குளிர்ல வாசனை எழும்பாது.

இனி சைட் டிஷ். நம்மாளுங்க ஆறு பேர் கூடினா பெப்பர் சிக்கனும் மிளகா பஜ்ஜியும் இல்லாம இருக்காதுன்னு எனக்கு தெரியும், ஆனா அத டேஸ்டிங் முடிஞ்சு சாப்பாட்டோட வைங்க. மிளகா காரத்தோட ஆல்கஹால் சேந்தா எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். வெறும் வயித்துலயும் குடிக்க விடாதீங்க, ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடி தயிர் சாதமோ பிரெட்டோ ஏதாவது சாதுவா குடுத்துடுங்க, நடுவுல ஓட்கேக்ங்கற ஓட்ஸ் பிஸ்கட்டும் தண்ணியும் போதும். அன்னிக்கு சாயங்காலம் ஊதுபத்தி, சாம்பிராணி, பெருங்காய தாளிப்பு எதுவும் வேண்டாம், வர்றவங்க கிட்டயும் சென்ட் அடிக்காம வாங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. கிளென்மொரஞ்சி மாதிரி மெல்லிசான விஸ்கி ஒரு ஊதுபத்தி வாசனைக்கே தோத்துடும்.

மிஞ்சின பாட்டில நிக்க வச்சே வைங்க, ஒயின் மாதிரி படுக்க வச்சா கார்க் ஊறி கெட்டுடும். வெயில் படாத அலமாரி போதும். பாதிக்கு மேல இருக்கற வரைக்கும் மாசக்கணக்குல தாங்கும், அடியில கொஞ்சம் கெடந்தா சீக்கிரம் முடிச்சுடுங்க, உள்ள காத்து ஜாஸ்தியாகி டேஸ்ட் மழுங்கிடும்.

வண்டி எடுத்துட்டு யாரும் வர வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க. 2014 டிசம்பர்லேருந்து ஸ்காட்லாந்துல 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம்தான் லிமிட், இங்கிலாந்துல 80 இருக்கேன்னு நெனச்சுட்டு மாட்டிக்காதீங்க, மறுநாள் காலையிலயும் ஜாக்கிரதை. அப்புறம் கடைகள்ல காலையில 10லேருந்து ராத்திரி 10 வரைக்கும்தான் சரக்கு விக்கலாம். மத்த மூணும் பெரிய சூப்பர்மார்க்கெட்லயே பெரும்பாலும் கெடைக்கும், கிளென்ட்ரோனாக்குக்கு மட்டும் விஸ்கி ஸ்பெஷலிஸ்ட் கடைக்கு போக வேண்டி வரலாம், அதனால அத முதல்ல வாங்கி வச்சுடுங்க.