முப்பது நாளில் ஒரு நாவல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு நாவல் மனதில் கிடக்கிறது. போன நவம்பரில், முப்பது நாளில் 50,000 சொற்கள் எழுதும் சவாலில் துணிந்து இறங்கினேன். எட்டு நாள் நன்றாகப் போயிற்று, 13,300 சொற்கள் எழுதியிருந்தேன். ஒன்பதாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் எதுவும் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு உட்கார்ந்தபோது 5,000 சொற்கள் பாக்கி நின்றது. அன்றோடு விட்டுவிட்டேன். இந்த வருடம் மறுபடி முயலலாமா? ஒரு மாதத்தில் எழுதுவது நாவல் ஆகுமா? குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது ஆகிற காரியம்தானா?

ம.

அன்புள்ள ம.,

முயலுங்கள். அதற்கு முன் அந்தப் பன்னிரண்டாம் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் நாவல் அங்கேதான் நின்றிருக்கிறது.

5,000 சொற்களையும் அன்றிரவே அடைத்தாக வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது எளிதில் நடக்கிற காரியமில்லை. ஆனால் மீதி இருந்தது 36,700 சொற்கள், கையில் இருந்தது 19 நாட்கள். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 1,930 வருகிறது. 50,000-ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் வருகிற வழக்கமான 1,667-ஐ விட 260 சொல் கூடுதல், அவ்வளவுதான். கால் மணி நேர வேலை. மூன்று நாள் காய்ச்சலால் வந்த நஷ்டம் அது மட்டுமே. தவறிய நாளின் பாக்கியை மறுநாள் தலையில் ஏற்றாமல், மிச்சமிருக்கிற எல்லா நாட்களுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

இன்னொன்று. 50,000 என்பது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. 1999-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் இந்தச் சவாலை விளையாட்டாகத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அது நவம்பருக்கு மாறியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. நவம்பர் வந்தால் எழுத உட்காருகிறவர்கள் இப்போதும் உட்காருகிறார்கள். சரி, நம் மொழிக்கு வருவோம். 'வரவில்லையென்றாலும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். அங்கே 50,000 சொல்லில் விரிகிற கதை, என் அனுபவத்தில், தமிழில் 35,000 சொல்லுக்குள் வந்துவிடும். நாளுக்கு 1,170. இதைச் சலுகை என்று நினைக்காதீர்கள், நியாயமான அளவு இதுதான்.

ஒரு மாதத்தில் எழுதினால் நாவலாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி' நாவலை 26 நாளில் முடித்தார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் தராவிட்டால், அவருடைய எழுத்தை ஒன்பது வருடம் காசு கொடுக்காமலே பதிப்பித்துக்கொள்ளலாம் என்று பதிப்பாளர் ஒப்பந்தம் போட்டிருந்தார். இதைக் கேட்கிறவர்கள் வேகத்தைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். அந்தக் கதையின் திட்டத்தை அவர் 1863-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் மனதில் ஊறியதுதான் 26 நாளில் வெளியே வந்தது. உங்கள் நாவல் கல்லூரிக் காலத்திலிருந்து ஊறுகிறது. நீங்கள் வெறுங்கையோடு உட்காரப்போவதில்லை.

இரண்டாவது, அவர் தனியாக எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல, அன்னா என்ற இருபது வயதுப் பெண் சுருக்கெழுத்தில் எடுத்தார். பிறகு வீட்டுக்குப் போய், இரவில் உட்கார்ந்து அத்தனையையும் விரித்து எழுதி மறுநாள் கொண்டுவந்தார். அந்த 26 நாளில் இன்னொருவரின் இரவுகளும் சேர்ந்திருக்கின்றன.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று நாள் காய்ச்சலில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களேதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, யாருக்கும் தொந்தரவில்லாமல் எழுதலாம் என்று இருந்திருப்பீர்கள். அப்படி எழுதினால், வீட்டில் ஏதாவது வந்ததும் முதலில் பறிபோவது அந்த நேரம்தான். அது உங்கள் நேரம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதே! இந்த முறை அக்டோபரிலேயே கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 'நவம்பர் முழுக்க, ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் நான் எழுதுவேன். யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

என் நாவல்களில் ஒன்றின் பாதியை, அப்பா மருத்துவமனையில் இருந்த ஒரு மாதத்தில் எழுதினேன். வார்டுக்கு வெளியே வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் கட்டைவிரலால் அடிப்பேன். உள்ளே அப்பா இருமினால் எழுந்து போவேன், திரும்பி வந்து விட்ட வரியில் தொடர்வேன். ஒருநாள் கதையில் தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், அக்கா கதவைத் திறக்கிறாள். அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், '[அக்கா ஏதோ சொல்கிறாள்]' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அப்பாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த வாக்கியம் வந்தது. 'செருப்பை உள்ளே எடுத்து வை, நனைஞ்சிடும்.' ஏழு வருடம் பேசாமல் இருந்த அக்கா அதைத்தான் சொல்வாள். மடித்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினேன்.

தினமும் தொட்டுக்கொண்டிருந்ததால் அது வந்தது. பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் மனம் கதைக்குள்தான் இருக்கும். நாலு நாள் விட்டால் ஆட்களின் குரல் மங்கிப்போகும், மறுபடி அவர்களைப் பேசவைக்கவே ஒரு நாள் ஆகும். இந்தச் சவாலில் நான் மதிப்பது இந்தத் தினசரித் தொடுகையைத்தான். அதனால் உடம்பு முடியாத நாளிலும் ஐந்து வரியாவது எழுதுங்கள். உட்கார முடியாவிட்டால் கைப்பேசியில் பேசுங்கள், அதுவே எழுத்தாக்கிக்கொள்ளும். ரகர றகரமெல்லாம் தப்பாக வரும், வரட்டும். திருத்த வேண்டாம். காட்சி தெரியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டுத் தாண்டுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

மாத முடிவில் கையில் இருப்பது முதல் வரைவு. நாவலாக அதற்கு இன்னும் பல மாதம் பிடிக்கும். டிசம்பரில் அதைத் திறக்காதீர்கள். ஜனவரியில் அச்செடுத்து, பேனாவோடு முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அடைப்புக்குறிகளில் பாதிக்கு விடை அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன வருடத்து 13,300 சொற்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சவாலின் வழக்கப்படி புதிதாகத்தான் தொடங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம். நவம்பர் முதல் தேதி முழுவதையும் படிக்க வேண்டாம், படித்தால் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். எட்டாம் நாள் எழுதிய கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அடுத்த வரியை எழுதுங்கள். பன்னிரண்டாம் நாள் எப்படிப் போயிற்று என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்.