லிமரிக்கில் எல்லோரும் 1978 ரக்பி ஆட்டத்தைப் பற்றியே பேசுவது ஏன்? அது சம்பளம் வாங்காத உள்ளூர் அணிதானே?

கேள்வி கேட்டவர் அயர்லாந்துக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ‘எழுபத்தெட்டில்...’ என்று ஆரம்பித்திருப்பார். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டியிருப்பார்கள். நீங்கள் மட்டும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். 2006-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லிமரிக்கில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸாக வந்தேன். அதுவரை ரக்பி என்றால் முட்டை மாதிரி ஒரு பந்து என்பதற்கு மேல் தெரியாது. இப்போதும் நிபுணர் கிடையாது. விதிமுறைப் பாடம் எடுக்க வருபவர்கள் தாராளமாக எடுக்கலாம், கோபப்பட மாட்டேன்.

நீங்கள் கேட்பது மன்ஸ்டர் அணி, ஆல் பிளாக்ஸ் என்று அழைக்கப்படும் நியூசிலாந்து தேசிய அணியைத் தோற்கடித்த ஆட்டம். முதலில் ஒரு திருத்தம். உள்ளூர் அணி என்று சொல்லாதீர்கள், லிமரிக்கில் யாரிடமும் சொல்லவே சொல்லாதீர்கள். மன்ஸ்டர் என்பது கார்க், கெர்ரி, லிமரிக், கிளேர், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு என்று ஆறு மாவட்டங்கள் சேர்ந்த தெற்கு மாகாணம். மாகாண ரக்பி அமைப்பு 1879-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் நிரந்தரமாக ஒரே இடத்தில் பயிற்சி எடுக்கும் அணியெல்லாம் கிடையாது. ஆட்டக்காரர்கள் கேரியோவன், ஷானன், யங் மன்ஸ்டர், கார்க் கான்ஸ்டிடியூஷன் போன்ற கிளப்புகளில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு ஆடுவார்கள். மாகாணத்துக்கு ஆட்டம் வந்தால் அதே ஆட்கள் ஒரே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். கார்க்காரருக்கும் லிமரிக்காரருக்கும் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அதுவே ஒரு சாதனை.

சம்பளம் வாங்காதவர்கள் என்பது உண்மை. 1995 வரை ரக்பி யூனியனில் காசு வாங்கி ஆடுவதே குற்றம். அந்த அணியின் மாஸ் கீன் விவசாயத் துறையில் அரசு வேலை பார்த்தவர். பள்ளி ஆசிரியர்களும் அணியில் இருந்தார்கள். வாரத்தில் வேலை, சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். நியூசிலாந்துக்காரர்களும் அப்போது சம்பளம் வாங்காதவர்கள்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் அவர்கள் ஒரு தேசத்தின் பொறுக்கியெடுத்த ஆட்கள். மாதக்கணக்கில் சேர்ந்தே பயணம் செய்து, சேர்ந்தே ஆடி, ஒரே உடம்பு மாதிரி ஆனவர்கள்.

1905-ல் லிமரிக்குக்கு வந்தபோது 33-0 என்று அடித்துவிட்டுப் போனார்கள். 1954-லும் 1963-லும் மன்ஸ்டர் 6-3 என்று மயிரிழையில் தோற்றது. 1973-ல் கார்க்கில் 3-3, சமன். அதாவது 1978 வானத்திலிருந்து விழுந்ததல்ல. எழுபது வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊடகங்களில் எப்போதாவது இந்தக் கதை வந்தால் ‘யாரென்றே தெரியாத அணி’ என்று எழுதுகிறார்கள், அது தப்பு.

அன்றைக்கு 1978 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை மதியம், தாமண்ட் பார்க் மைதானம். பதினோராவது நிமிடத்தில் ஜிம்மி போவன் பந்தோடு வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் கிறிஸ்டி கேண்டிலனிடம் கொடுக்க, அவர் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார், அதுதான் டிரை. அப்போது ஒரு டிரைக்கு 4 புள்ளி. டிரைக்குப் பின் கம்பத்துக்கு மேலே உதைக்கும் கன்வர்ஷனை டோனி வார்ட் அடித்தார், 2. அப்புறம் பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போதே கம்பத்துக்கு மேலே உதைக்கும் டிராப் கோல் ஒன்று, 3. இடைவேளையில் 9-0. பிற்பாதியில் இன்னொரு டிராப் கோல். கூட்டினால் 12-0, எதிரணிக்கு முட்டை. இதெல்லாம் கணக்கு. ஊர் பேசுவது கணக்கை அல்ல, டேக்கிளை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சீமஸ் டெனிசன் என்ற சின்ன உருவக்காரர், பாய்ந்து வந்த ஸ்டூ வில்சனைத் தோளால் நிறுத்திச் சாய்த்தார். டிரையை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை. கை வைத்துக் காட்டாமல் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நின்றால் உங்கள் மேலேயே காட்டுவார்கள்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் கிரஹாம் மௌரி தலைமையிலான நியூசிலாந்து அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நான்கையும் வென்றது. அதுவரை எந்த நியூசிலாந்து அணியும் செய்யாதது. 18 ஆட்டங்களில் தோற்றது இந்த ஒன்றுதான். அயர்லாந்து தேசிய அணிக்கே அவர்களைத் தோற்கடிக்க 2016 வரை ஆனது, அதுவும் சிகாகோவில்.

மன்ஸ்டர் கேப்டன் டோனல் கேனிஃப் ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அவர் அப்பா கார்க்கில் வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்துபோன செய்தி வந்தது. மற்றவர்கள் கொண்டாட, அவர் ஊருக்குப் போனார். வீட்டை விட்டு வெகுதூரத்தில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

ஒரே வெற்றியை வைத்துக்கொண்டு இத்தனை வருடமா என்று டப்ளினில் இருக்கும் நம் ஆட்கள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு லிமரிக்கே பட்டிக்காடு. பொங்கல் விழாவா, டப்ளின். பாட்டுக் கச்சேரியா, டப்ளின். இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் ‘ஓ, அவ்வளவு தூரத்திலிருந்தா வர்றீங்க’ என்று ஒரு பரிதாபம் வேறு. ஒரு வருடமாவது இந்தப் பக்கம் வைத்தால் என்ன? கேட்டால் மண்டபம் கிடைக்காது என்கிறார்கள். மண்டபம் நானே பார்த்துத் தருகிறேன் என்று எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. சரி, விடுங்கள். சொல்ல வந்தது, டப்ளினில் ரக்பி பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்களின் ஆட்டம். லிமரிக்கில் துறைமுகத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் டாக்டரும் ஒரே கூட்டத்தில் நின்று பார்க்கும் ஆட்டம். அதனால்தான் அந்த 12-0 இங்கே வீட்டுக்கு வீடு சொந்தம்.

இப்போது என் கதை. எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பன்றி இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மனசுக்குள் மட்டும் தாத்தா என்று வைத்திருந்தேன். மறதி நோய். மகளின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. என்னைப் பார்த்து ‘கேரளாவா’ என்று தினமும் கேட்பார் (இதைத் தமிழ்நாடு என்று திருத்தித் திருத்தி என் பாதி ஆயுசு போய்விட்டது). ஆனால் 1978-ன் பதினைந்து பேரையும் வரிசையாகச் சொல்லுவார். சொல்லி முடித்ததும், ‘நான் அங்கே இருந்தேன்.’

2008 நவம்பரில் புதுப்பித்த தாமண்ட் பார்க்கைத் திறந்துவைக்க மீண்டும் மன்ஸ்டர், ஆல் பிளாக்ஸ் ஆட்டம் வைத்தார்கள். ஒரு வாரமாகப் பத்திரிகை முழுக்க 1978. நானும் வரிவிடாமல் படித்திருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த பெண் பக்கத்தில் நிற்க, தாத்தா வழக்கம்போல ‘நான் அங்கே இருந்தேன்’ என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த மேதாவித்தனம். “மைதானத்தில் இருந்ததே பன்னிரண்டாயிரம் பேர்தான், இருந்தேன் என்று சொல்பவர்கள் லட்சம் பேர். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஷிஃப்ட் இருந்ததாமே, உங்கள் மகள் சொன்னார்களே” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “எனக்கு ஷிஃப்டா?” என்றார். கொஞ்ச நேரம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ போனது யார்?”

மறதி நோய் உள்ளவர்களை இப்படித் திருத்தக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரப் பாடம். தெரியும். பின்னூட்டத்தில் வந்து யாரும் சொல்லித்தர வேண்டாம், எனக்கு நானே போதுமான அளவு சொல்லிக்கொண்டாயிற்று. அந்த நான்கைந்து நாள் அவர் பதினைந்து பெயரையும் சொல்லவே இல்லை.

மகள் வந்தபோது ஒப்புக்கொண்டேன். அவர் திட்டாமல் விவரம் சொன்னார். ஆலைக்குள் யாரோ ஒரு டிரான்சிஸ்டர் கொண்டு வந்திருந்தார்களாம். ஷிஃப்ட் முடிந்ததும் இவர் மைதானத்தைப் பார்த்து நடந்திருக்கிறார். ஆட்டம் எப்போதோ முடிந்து கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அந்தக் கூட்டத்தோடு அப்படியே திரும்பி ஊருக்குள் நடந்தாராம். விடிகாலையில்தான் வீடு திரும்பினார். அம்மா கதவைத் திறந்தபோது சொன்ன முதல் வார்த்தையே ‘நான் அங்கே இருந்தேன்’தானாம்.

நவம்பர் 18, இரவு ஆட்டம். எனக்கு நைட் டியூட்டி. கூடத்தில் வானொலி வைத்திருந்தோம். மன்ஸ்டரில் ஆடிய நான்கு நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டு அணிக்கு எதிரே நின்று, ஆட்டத்துக்கு முன் ஆல் பிளாக்ஸ் ஆடும் மாவோரி நடனமான ஹாக்காவை ஆடினார்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் தேசிய அணிக்குப் போயிருந்தும் மன்ஸ்டர் கடைசி வரை முன்னிலையில் இருந்தது. நான்கு நிமிடம் இருக்கும்போது ரோக்கோக்கோ டிரை வைத்தார். 18-16, தோல்வி. அங்கே ஒருவர் பந்தை வைத்து உதைக்கும்போது, எதிரணிக்காரர் ஆனாலும், மொத்த மைதானமும் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதி வானொலியிலும் கேட்கும். அப்படி ஒரு அமைதியில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“எழுபத்தெட்டில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?”

திரும்பிப் பார்த்தார். “எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? முன்னால் ஒரு நெட்டையன் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான். பாதி ஆட்டம் தொப்பியைத்தான் பார்த்தேன்” என்றார்.