டி.எஸ்.எச். அதிகம் என்றால் எப்படித் தைராய்டு குறைவு? மாத்திரை எடுத்தும் ஏன் இறங்கவில்லை?

அம்மாப்பேட்டைச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் அவருக்கு டி.எஸ்.எச். 11 வந்திருக்கிறது. பக்கத்திலேயே 'அதிகம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மருத்துவரோ தைராய்டு குறைவு என்கிறார். நான்கு மாதமாக 50 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்தும் எண் 9க்குக் கீழே வரவில்லை. மரவள்ளிக்கிழங்கை நிறுத்து என்கிறார்கள், நிறுத்த வேண்டுமா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறதாம்.

நான் மருத்துவன் இல்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப்பிள்ளை. உங்களுக்கு இருக்கும் இதே கோளாறு எனக்கு எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. என் மாத்திரையும் ஒன்றரை ஆண்டு வரை சரியாக வேலை செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த முரண்பாடு. எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் காலத்தை வைத்துச் சொல்கிறேன். இவ்வளவு பழம் வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொல்வார். நான் மேஸ்திரியிடம் சொல்வேன். மேஸ்திரி ஆட்களை வைத்துப் பறிப்பார். சாயங்காலம் மூட்டைகள் தராசுக்கு வரும். எடை சரியாக இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். குறைந்தால் என் குரல் ஏறும். இரண்டாம் நாளும் குறைந்தால் என் சத்தம் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் கொட்டகை வரை கேட்கும்.

உடம்பிலும் இதே ஏற்பாடுதான். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் முதலாளி. அதற்குக் கீழே, மூக்கின் வேருக்குப் பின்புறமாக, எலும்புக் குழி ஒன்றில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி என் வேலையைச் செய்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி போல் விரிந்திருக்கும் தைராய்டுதான் மேஸ்திரி. அது தரும் பழம் தைராக்சின், அதாவது டி4. டி.எஸ்.எச். என்பது பழம் அல்ல, தைராய்டை விரட்டப் பிட்யூட்டரி சுரப்பது, அதாவது கணக்குப்பிள்ளையின் சத்தம். பழம் குறைந்ததால் சத்தம் கூடியிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 11 அந்தச் சத்தத்தின் அளவு. பெரும்பாலான ஆய்வகங்களில் இயல்பான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. டி4 கொஞ்சம் குறைந்தாலே இந்தச் சத்தம் பல மடங்கு ஏறும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இதைப் பார்க்கிறார்கள்.

இவை எல்லாம் நாளமில்லாச் சுரப்பிகள். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இருப்பதுபோல் இவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்தில் விடுகின்றன, ரத்தம் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1905ல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இப்படிச் சுரப்பதற்கு 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். கிளர்ந்தெழச் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. மேஸ்திரியை விரட்டும் எனக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதை. ஏற்காட்டில் வாழ்கிறவனுக்குக் குளிர்கிறது என்றால் யார் கவலைப்படுவார்கள்? மார்கழியில் எல்லாருக்கும்தான் குளிர்கிறது. ஆனால் ஒரு சித்திரை மாதம் கணக்கு வேலையாக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் பழைய பஸ் நிலையத்தில் நின்றேன். தார் உருகும் வெயில். சுற்றி நின்றவர்கள் துண்டால் விசிறிக்கொண்டிருக்க, நான் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். கரும்புச்சாறு விற்ற பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் முடி திருத்துகிறவர் என் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, "கணக்குப்பிள்ளை, புருவத்தின் வெளிமுனையைச் சிரைத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார். இரண்டு புருவமும் கடைசி மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்திருந்தது. தைராய்டு மிகவும் குறைந்தவர்களில் சிலருக்கு அப்படி ஆகும். மலச்சிக்கல், உலர்ந்த தோல், கரகரத்த குரல், ஏறிய கொழுப்பு எல்லாம் கூடவே இருந்தன. வயது என்று நினைத்திருந்தேன்.

டி.எஸ்.எச். 14.2. எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்தார்கள். உடம்பின் காவல்படையே சொந்தச் சுரப்பியைத் தாக்கும் நோய் என்று தெரிந்தது. 1912ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள். போன பழச்செடி திரும்பி வராது, வெளியிலிருந்து பழம் வாங்கிப் போட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். வாங்கும் பழம் அந்தத் தைராக்சின் மாத்திரை.

50 மைக்ரோகிராமில் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்து 9.8. 75 ஆக்கினார், 8.6. 100 ஆக்கினார், 7.9. ஒவ்வொரு முறையும் "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்பார். ஒரு நாளும் விடவில்லை என்று சத்தியம் செய்வேன். உண்மைதான். மறக்கக் கூடாது என்று மாத்திரை பாட்டிலைக் காபித்தூள் டப்பாவின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எதை மறந்தாலும் காபியை மறக்க மாட்டேனே!

கோளாறு அங்கேதான் இருந்தது. கண்டுபிடித்தது சேலத்தில் மருந்துக்கடையில் நின்ற ஒரு பெண். பாட்டிலைக் கையில் கொடுத்தபடி, "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் காபி, அண்ணா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் மாத்திரை, பால் பொங்கியதும் காபி. நடுவில் ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். சில நாள் காபியாலேயே விழுங்கியிருக்கிறேன்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால், இந்த மருந்தில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் சிறுகுடலில் உறிஞ்சப்படும். உடனே காபி போனால் அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. 2008ல் இத்தாலிய மருத்துவர்கள் இதை ஆய்வு செய்தே எழுதியிருக்கிறார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் செடியில்தான் என் பிழைப்பு நடக்கிறது, என் மாத்திரையைத் தின்றதும் அதுதான். (சிக்கரி கலக்காத காபி ஒன்றும் செய்யாது என்று என் மைத்துனர் சொன்னார். சிக்கரி கலந்தால் அது காபியே இல்லை என்பது என் கட்சி. ஆனாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.)

மறுநாளிலிருந்து விழித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை, முழுதாக ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அந்த முதல் வாரத்தைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மாதத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை நடுங்கிற்று, தூக்கம் போயிற்று. பரிசோதித்தால் டி.எஸ்.எச். 0.2. இவ்வளவு நாளும் பாதி வீணாகிக்கொண்டிருந்த 100 மைக்ரோகிராம் இப்போது முழுதாக உள்ளே போய்விட்டது. பழம் குவிந்து, கணக்குப்பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிட்டார். மருத்துவர் 75க்குக் குறைத்தார். அடுத்த எண் 2.3. ஆகவே நீங்கள் நேரத்தை மாற்றினால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதியுங்கள். அதற்கு முன்னால் பார்ப்பது காசுக்குக் கேடு. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும் என்பதால் புதிய அளவு நிலைபெற அவ்வளவு வாரம் வேண்டும்.

உங்கள் கிழங்குக் கேள்விக்கு வருகிறேன். ஆத்தூர்ப் பக்கத்து உறவினர்கள் எனக்கும் இதையே சொன்னார்கள், ஆண்டு முழுக்க மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றுகிறவர்களே சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் ஒன்று இருக்கிறது. உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றும், தைராக்சின் செய்யத் தேவையான அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தயோசயனேட் தடுக்கும். ஆனால் அது பெரிய கேடாவது, அயோடினே கிடைக்காத ஊரில் சரியாகப் பக்குவம் செய்யாத கிழங்கையே மூன்று வேளையும் தின்றால்தான். தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து வாரம் ஒரு நாள் சாப்பிடும் கிழங்குக்கு நான் பயப்படுவதில்லை. ஜவ்வரிசி கழுவிக் கழுவி எடுத்த மாவு, அதில் இந்தக் கவலை இன்னும் குறைவு.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மழை மலை மண்ணின் அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மலைநாடுகளில், தைராய்டு வீங்கும் கழுத்துக் கழலை பழைய நோய். 1956ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கஸ்வாமியும் அவரோடு இருந்தவர்களும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், கழலை குறைந்தது. 1962ல் நாடு தழுவிய திட்டமே வந்தது. என் அம்மா கடைசி வரை கல் உப்புதான். நான் பாக்கெட் உப்பு. ஆனால் ஹஷிமோட்டோ நோய்க்குக் கூடுதல் அயோடின் மருந்தாகாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். கடல்பாசி மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

குழந்தை விஷயம்தான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். கருவின் சொந்தத் தைராய்டு ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய பாதிக் கர்ப்பகாலம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் கணக்கு. அதனால் சிகிச்சையில் இருப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச்.ஐ 2.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையின் அளவு பெரும்பாலும் கால்பங்கோ அதற்கு மேலோ கூடும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். நம் உடம்பு சுரக்கும் அதே பொருள்தான் இது.

அப்போது இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுப்பார்கள். இரண்டும் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலை தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவு மற்றொன்று என்று பிரித்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். காலையில் பொறுக்க முடியாவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதும் தைராய்டு மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அனுமதிக்கிறார்கள். அப்படியானால் இரும்பும் கால்சியமும் பகலுக்கு மாற வேண்டும். பாட்டிலை மட்டும் அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. என்னுடையது இப்போது பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் இல்லை, அங்கேயும் ஈரம். கட்டில் தலைமாட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.