சீருடை சரியாக இருக்கிறது என்றீர்களே!

அம்மிணி, நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் மகளுக்குக் கோதுமையில்லாமல் சுடும் மஃபின்தான். ராகி மாவா தினை மாவா, சோடா உப்பு குடலை அரிக்குமா, அலுமினிய அச்சு ஆகுமா, வாழைப்பழத்தைச் சுட்டால் சத்துப் போய்விடுமா! ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது: "ஆறு வயது மகளுக்குப் போன வருடம் தைத்த சீருடை இந்த வருடமும் சரியாக இருக்கிறது, செலவு மிச்சம்."

இது மிச்சமில்லை. அந்த வயதுப் பிள்ளை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர வேண்டும், இரண்டு கிலோவாவது ஏற வேண்டும். கூடவே உங்கள் மகளுக்கு எட்டு மாதமாகத் தளர்ந்த மலம், உப்பிய வயிறு. மருந்துக் கடையில் நீங்களே வாங்கி நான்கு மாதம் ஊற்றிய இரும்புச்சத்து டானிக்குக்கும் அசையாமல் 8.6-இல் நிற்கும் ஹீமோகுளோபின். புழுவோ வேறு ஏதோ கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால், சீலியாக் நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக் கூடாது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டு உடல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும் நோய் அது. வட இந்தியாவில் அதிகம். கம்பும் சோளமும் அரிசியும் தின்று வளர்ந்த நம் பக்கத்தில் அபூர்வம். அதனாலேயே எளிதில் தவறிப்போகிறது.

ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் முன்பு கோதுமையை அடியோடு நிறுத்தினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். ரத்தப் பரிசோதனை தேடுவது, குளூட்டன் உள்ளே போவதால் உடல் தனக்கே எதிராகக் கிளப்பும் எதிர்ப்பொருட்களை. கோதுமை நின்றால் அவையும் மெல்லக் குறையும். நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். தடயத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுகிற கதை. 'இப்போது தேவலை' என்கிறீர்கள். அந்தத் தேவலையை வைத்து எந்த டாக்டரும் நோயை உறுதிசெய்ய மாட்டார். சீலியாக் என்றால் ஆயுள் முழுக்கப் பத்தியம். ரசத்தில் போடும் பெருங்காயத்தில்கூடப் பல கம்பெனிகள் கோதுமை மாவு கலக்கின்றன. பேக்கரியில் 'ராகி பிஸ்கட்' என்று விற்பதிலும் மைதா இருக்கக்கூடும். இத்தனையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவதற்கு முன் ஆதாரம் வேண்டாமா?

"தினமும் பப்ஸ் வாங்கிக் கொடுத்த என்னால்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பிறவியிலேயே அந்த வாகு இருந்தால்தான் இந்த நோய் வரும். பப்ஸால் அந்த வாகு வராது. மைதாவில் அலாக்ஸான் என்ற ரசாயனம், குடலில் பசை என்பதெல்லாம் வாட்ஸ்அப் புரளி.

மஃபின் பாவம், அதன் மேல் குற்றமில்லை. ராகி நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். குளூட்டன் இல்லாததால் காற்றுக் குமிழைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அதனால்தான் உதிர்கிறது. முட்டையும் நன்கு கனிந்த பழமும் சேர்த்து, மாவைப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுடுங்கள். சோடா உப்பு கால் தேக்கரண்டி போட்டால் குடல் ஒன்றும் ஆகாது. அச்சில் காகிதக் கிண்ணம் வையுங்கள். நாட்டுச் சர்க்கரை, அதற்குப் பேர்போன கவுந்தப்பாடியிலிருந்தே வந்தாலும் சர்க்கரைதான். அம்மாயி சொன்னார் என்று மாதாமாதம் கொடுக்கும் விளக்கெண்ணெயை இன்றோடு விடுங்கள். பேதியாகும் பிள்ளைக்குப் பேதி மருந்தா?

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். பழைய உயர, எடைக் குறிப்புகள் இருந்தால் எடுத்துப் போங்கள். சீலியாக்கைத் தேடும் 'டிடிஜி ஐஜிஏ' ரத்தப் பரிசோதனையோடு மொத்த ஐஜிஏ அளவையும் கேளுங்கள். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. அது பிறவியிலேயே குறைவாக இருந்தால் முதல் பரிசோதனை பொய் சொல்லும். உடனே எடுப்பதா, ஆறு வாரம் கோதுமை கொடுத்துவிட்டு எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை தினம் இரண்டு வேளையாவது கோதுமை உள்ளே போக வேண்டும். வாந்தி, கடும் பேதி என்று வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு அன்றே அவரிடம் ஓடுங்கள். காலையில் ஒரு சப்பாத்தி; மாலையில் உங்கள் மஃபினே போதும், ராகியோடு பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து.